புலி வருஷத்துக்காரர் முகம் திருப்பவும்

மெய்ச்சினுடைய அம்மாவைப் பெட்டிக்குள் கிடத்தியாயிற்று. மூடி போடுவதுதான் பாக்கி. வாசல் வழியாகக் காலை வெயில் சுள்ளென்று விழ, தலைமாட்டில் நின்ற மெய்ச்சினின் நிழல் பெட்டிக்குள் நீண்டு அம்மாவின் மார்மேல் கிடந்தது.

வருஷத்துக்கொரு மிருகம் என்ற சீனக் கணக்கில், ஊரறிய மெய்ச்சின் மாட்டு வருஷத்தில் பிறந்தவள். உண்மையில் புலி. புத்தாண்டு கழிந்து பிறந்தவளை, அதற்கு முந்தின வாரமே பிறந்ததாக அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்! பெண்புலி புருஷனைத் தின்றுவிடும் என்பார்கள், எவன் கட்டிக்கொள்வான்?

பொய் பலித்தது, கல்யாணம் நடந்தது. மகன் பிறந்த மறுவருஷமே புருஷன் படகோடு கடலில் போய்விட்டான். நான்தான் தின்றேன் என்ற நினைப்பு அன்றிலிருந்து மெய்ச்சினைத் தூங்கவிடவில்லை. மாமியார் குய்ஹுவா வேறு. முயல் வருஷத்துக்காரி என்று பேர், வாயைத் திறந்தால் கத்திதான்.

"உங்கம்மா சொன்ன கணக்குல ஏதோ இடிக்குதுடி. நீ மட்டும் புலின்னு தெரிஞ்சுது, பேரன வச்சுக்கிட்டு உன்ன வெளிய தள்ளிருவேன்" என்பாள், சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே. சிரிப்பா அது!

சடங்குக்காரர் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குரலெடுத்தார். "புலி வருஷத்துக்காரங்க முகத்தத் திருப்பிக்குங்க. மூடப்போறோம்."

அந்த நாளுக்கு ஆகாத வருஷத்துக்காரர் பார்த்து நிற்கும்போது மூடினால், அவர் நிழலையும் சேர்த்து ஆணியடித்ததாகிவிடும். அப்புறம் ஆள் தேறுவதில்லை. மெய்ச்சின் திரும்பினால் உயிர் தப்பும், பிள்ளை போய்விடும். ஓரிருவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மெய்ச்சின் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மூடி இறங்கியது. முதல் ஆணி இறங்கியபோது அவள் நெஞ்சுக்குள் எதுவோ சில்லிட்டது. தலையை நிமிர்த்தினாள். எதிரே குய்ஹுவா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

பெட்டிக்குக் கயிறு கட்டும் நேரத்தில் மாமியார் பக்கத்தில் வந்தாள்.

"பாத்துட்ட, இல்ல?"

"ஆமா அத்த."

"நான் புலிடி. முயல்னு எங்கம்மா பொய் சொன்னா. என் புருஷன் போனான். பெத்த மகனும் போனான். உன்னத் திட்டித் திட்டி, அந்தப் பழிய உன் தலையில இறக்கிரலாம்னு பாத்தேன்டி."

மெய்ச்சினுக்கு அழுகை முட்டியது. "நானும் புலிதான் அத்த."

குய்ஹுவா அவளையும் ஆணியடித்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் ஏன்டி திரும்பல?"

"திரும்பினா புள்ளைய வச்சுக்குவீங்களே."

குய்ஹுவாவின் முகம் செத்துப்போனது. ஓடிப்போய், ஆணியைப் பிடுங்கும்படி சடங்குக்காரரிடம் கெஞ்சினாள். அடித்த ஆணியை எடுக்கும் வழக்கமில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார்.

ஊர்வலம் கிளம்பியது. குய்ஹுவா மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் தரையையே கண்ணால் துழாவியபடி நடந்தாள். "இருக்குடி. இருக்கு, எனக்குத் தெரியுது" என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வெயில் எப்போதோ போயிருந்தது. தரையில் யாருக்குமே நிழல் இல்லை.