கடைசி வரியைத் தின்ற திரை

முதல் மணி அடிக்கும் முன்பே பெனியாமினாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சவாயி தீவின் கரையோரத்தில் இருக்கும் அந்தத் தேவாலயத்தில் கணினி, ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் அவன் பொறுப்பு. ஆக்லாந்தில் இரண்டு வருஷம் கணினிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் அல்லவா, அந்த விஷயத்தில் ஊரில் அவன் வைத்ததுதான் சட்டம். அன்றைக்கு வெள்ளை ஞாயிறு. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, சபைக்கு முன்னால் நின்று வசனம் சொல்லும் நாள். ஆக்லாந்துக்குப் பிழைக்கப் போன சொந்தமெல்லாம் கேமரா வழியே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கும்.

சபை பார்த்துப் பாடும் வரிகள் விழுகிற திரை அன்றும் கெட்டிருந்தது. பாட்டின் எழுத்துகள் பூசணிக்காயாக ஊதிப்போய், நாலாவது வரி திரைக்குக் கீழே போய்விட்டது. கொஞ்ச வாரங்களாக இதே கூத்துதான். புதுப் பாட்டு, யாருக்கும் மனப்பாடம் இல்லை. மூன்று வரியைக் கணீரென்று பாடும் சபை, நாலாவதில் ஆளுக்கொரு சொல்லை இழுக்கும். வாலிபர் வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் போன வாரம் ஆராதனை முடிந்த கையோடு பெனியாமினா எழுந்து, எல்லார் முன்னாலும் தைமானேயைக் கைகாட்டினான். ஞாயிறுதோறும் தேவாலயத்தைத் திறந்து, மின்சாரத்தைப் போட்டு, பாட்டுப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"மகளுக்குப் பொம்மைப் படம் போட்டுக் காட்டுறேன்னு இந்த அக்காதான் எதையோ நோண்டி வெச்சிருக்கு. கேட்டா தொடவே இல்லேன்னு பொய் சொல்லுது" என்றான்.

"ஆண்டவர் சத்தியமா நான் நோண்டலப்பா" என்றாள் அவள். யார் கேட்டார்கள்? சபை மூப்பர் ஃபிட்டி அங்கேயே அவளிடமிருந்து சாவியை வாங்கி இவன் கையில் கொடுத்தார். அதோடு அவள் தேவாலயப் பக்கமே வரவில்லை. ஆசை ஆசையாக வசனம் படித்து வைத்திருந்த மகள் லாங்கியும் இன்றைக்கு வரமாட்டாள் என்று ஊரில் பேச்சு. பொய்க்காரி மகள் என்று பிள்ளையை எல்லாரும் பார்க்க, எந்தத் தாய் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவாள்?

ஆனால் இன்று சாவி பெனியாமினாவிடம் இருந்தது. அவனே திறந்தான், அவனே மின்சாரத்தைப் போட்டான், பிறகு சரிபார்க்கப் புரொஜெக்டரையும் அவனே போட்டான். வேறு ஒரு கை படவில்லை. அப்படியிருந்தும் திரை கெட்டிருக்கிறதே, எப்படி?

கணினியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தான். சரியான அளவு பட்டியலிலேயே இல்லை. திரை என்று ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாததுபோல இருந்தது. அப்போதுதான் அவனுக்குப் பொட்டில் அறைந்தாற்போல உறைத்தது.

புரொஜெக்டரின் விளக்கு விலை அதிகம், ஜெப நேரத்தில் எரியவும் வேண்டாம், ஜெபம் முடிந்த பிறகு போட்டால் போதும் என்று புதுச் சட்டம் போட்டது யார்? சாட்சாத் அவன்தான். மின்சாரம் வந்ததுமே கணினி தானாக விழித்துக்கொள்ளும். விழித்ததும், கம்பியின் அந்தப் பக்கம் திரை இருக்கிறதா என்று தேடும். அங்கே ஒன்றும் விழித்திருக்காது. சரி, இருக்கிறதிலேயே சின்ன அளவு போதும் என்று தீர்மானித்துவிடும். பிறகு புரொஜெக்டர் எரிந்தாலும் அது மறுபடி கேட்பதில்லை. தைமானே முன்பெல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போடுவாள், தொல்லையே இருந்ததில்லை.

கணினியை அணைத்தான். முதலில் புரொஜெக்டரைப் போட்டு, சுவரில் வெளிச்சம் விழுந்த பிறகு கணினியைப் போட்டான். நாலு வரியும் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. சீ, இவ்வளவுதானா! இதற்கா ஒரு பெண்ணின் மானத்தை வாங்கினோம்?

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மூப்பர் ஃபிட்டி திரையைப் பார்த்தார். "பாத்தியாடா! அவ கைய எடுத்ததும் எல்லாம் சரியாப் போச்சு" என்று முதுகில் தட்டினார்.

பெனியாமினா இளித்தான். ஆமாம், இளித்தான்! அவர் அந்தப் பக்கம் போனதும் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. விடுவிடுவென்று வெளியே இறங்கினான்.

தைமானேயின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால்தான். கொல்லையில் கோழிகளுக்கு நடுவே அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். லாங்கி பழைய சட்டையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. பெரிய குற்றம் செய்தவன் மன்னிப்புக் கேட்கும் ஊர் வழக்கப்படி, பெனியாமினா சரளைக் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, நடந்ததை முழுசாகச் சொன்னான்.

"தப்பு என்னோடதுக்கா. மன்னிச்சிடு."

"எந்திரிடா. கொலை பண்ணவன் மாதிரி உக்காந்துக்கிட்டு. ஊரு பூரா கேக்கப் பொய்க்காரின்னு சொன்ன. மன்னிப்பு மட்டும் என் கோழி கேக்கக் கேக்குறியா?"

"இன்னிக்கு வெள்ளை ஞாயிறுக்கா. ஆக்லாந்துல எல்லாரும் பாக்குறாங்க. அடுத்த வாரம் சொல்லிடறேன்..."

"அன்னிக்கும் உன் கேமரா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆக்லாந்துலேருந்து எங்கண்ணன் போன் போட்டு அழுதான், தெரியுமா?"

அவன் கூனிக் குறுகிப் போனான். எழுந்து தேவாலயத்துக்குத் திரும்பினான்.

ஆராதனை தொடங்கி, போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போன சமயம், பெனியாமினா ஒலிவாங்கியை எடுத்தான்.

"போதகரய்யா, ஒரு நிமிஷம். திரையைக் கெடுத்தது தைமானே அக்கா இல்ல. நான்தான். ஜெபத்துக்கு அப்புறம் புரொஜெக்டர் விளக்கைப் போடுங்கன்னு நான் சொன்னதால வந்த வினை. அக்கா மேல வீண்பழி போட்டேன். இன்னிக்குக் காலைல உண்மை தெரிஞ்ச பிறகும் மூப்பர் பாராட்டினப்ப இளிச்சுக்கிட்டு நின்னேன்."

"உக்காருடா, பிள்ளைங்க நாள்ல போயி!" என்று மூப்பர் பல்லைக் கடித்தார். முன்வரிசையில் அவன் அம்மா தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. அவன் காது மடல் கொதித்தது.

"பொய் சொன்னது நான்தான். அக்கா இல்ல" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும். போதகர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னபோது தைமானே வாசலில் நின்றாள். வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே லாங்கி முன்னால் ஓடினாள். தைமானே நேரே கணினி மேசைக்கு வந்து கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்து நாற்காலியை விட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டியாக்கா?" என்று அவன் குனிந்து கேட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எம்பொண்ணு வசனம் சொல்லப்போறா. பேசாம இரு."