நல்லபடியாக வந்த ரிப்போர்ட்

காலை எட்டு மணிக்கு மணி அடித்ததும் அந்தத் தையல் கூடத்தில் முப்பத்திரண்டு மிஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கும். முதல் மிஷினில் காலர், அடுத்ததில் கை, அதற்கடுத்து பக்கத் தையல் என்று சட்டை கைமாறிக்கொண்டே போகும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவள் மிஷினுக்கு முன்னால் துணி குவியும். அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சூப்பர்வைசர். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அது அவள் காதுக்கு எட்டியிருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கழிப்பறை நாற்பதடி தூரம். கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆனால் போகிறவள் கடிகாரத்திடம் கை தூக்க வேண்டும், கடிகாரம் மாற்று ஆளைக் கூப்பிட வேண்டும், மாற்று ஆள் எப்போதும் வேறு ஏதாவது வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பாள். அதனால் பெண்கள் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். குடிக்காதே என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே செய்ய வைப்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம்.

பதினேழாவது மிஷினில் பக்கத் தையல் போட்டவள் கடிகாரத்தின் தம்பி மனைவி. ஆறு மாதக் கர்ப்பிணி. சொந்தக்காரி என்று சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று கடிகாரம் அவளிடம் மட்டும் ஒரு பிடி கூடுதலாகவே கறாராக இருந்தாள். வீட்டுக்குப் போனால் அவள் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவது இதே கடிகாரம்தான். பாசம் இல்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஒருநாள் வேலை முடிந்து நடந்து வரும்போது தம்பி மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணுக்குப் போறப்ப எரியுது. அடிக்கடி வர்ற மாதிரியும் இருக்கு, போனா சொட்டுதான் வருது."

"சூடும்மா அது. ராத்திரி தலைக்கு எண்ணெய் வச்சுக்கோ."

சூடு. இந்த ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை நோயை ஒளித்து வைத்திருக்கிறோம். கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, கட்டி வந்தாலும் சூடு. பெயர் வைத்துவிட்டால் பாதி குணமாகிவிட்டது போல ஒரு நிம்மதி நமக்கு. தம்பி மனைவியும் நிம்மதியாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

மறு வாரம் மருத்துவமனையில் மாதாந்தரப் பரிசோதனை. இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கடிகாரமே துணைக்குப் போனாள். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பேர் எழுதி ஒட்டி, சிறுநீர் பிடித்து வரச் சொன்னாள்.

வரவில்லை. மூன்று தடவை உள்ளே போய்விட்டு மூன்று தடவையும் காலி டப்பாவோடு திரும்பினாள். எப்படி வரும்? அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் உள்ளே போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள் என்றாள் நர்ஸ். கடிகாரம் சுவரில் மணியைப் பார்த்தாள். பத்தேகால். பத்தரைக்குள் கூடத்தில் இருந்தாக வேண்டும்.

தம்பி மனைவியின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு கடிகாரமே உள்ளே போனாள். நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவள், நினைத்தபோது தண்ணீர் குடிப்பவள், நினைத்தபோது போய் வருபவள். ஒரு நிமிடத்தில் டப்பா நிறைந்து வந்தது.

"அண்ணி, அது என்னோடது இல்லையே."

"ஒண்ணுக்குல என்ன உன்னுது என்னுது? ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே வீட்டுத் தண்ணி."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிருமி இல்லை, எல்லாம் சரி. அந்தத் தாளைத் தம்பி படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கோளாறாக இருந்தாலும் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் நம்புவான். அதற்குப் பிறகு எரிகிறது என்று மனைவி சொன்னபோதெல்லாம் ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே என்றான். வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச நாளில் அவளும் அந்த ரிப்போர்ட்டை நம்பத் தொடங்கிவிட்டாள்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் அவளுக்கு முதுகில் ஒரு பக்கம் குத்தியது. நாள் பூராவும் உட்கார்ந்தால் குத்தத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. சரக்கு ஏற்றுகிற நாள் நெருங்கியிருந்ததால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்று மதியம் மூன்று மணிக்கு அவள் மிஷின் நின்றது. கடிகாரம் வேகமாக வந்தாள். தம்பி மனைவி முகம் சிவந்து தலை குனிந்திருந்தாள். புடவை நனைந்து, ஸ்டூலிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி. அடக்க முடியல."

அது சிறுநீர் இல்லை. பனிக்குடம் உடைந்திருந்தது. முப்பது வாரமே ஆன வயிற்றில் பனிக்குடம் உடைந்ததற்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். அந்தக் கூடத்தில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்து வெகு நேரம் கழித்துக் குழந்தை பிறந்தது. பெண். ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூக்கில் குழாய் மாட்டினார்கள். தம்பி அந்தப் பெட்டியின் ஒயர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்த எந்த வேலையும் அங்கே செல்லாது.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே வெளியே வந்தார். தாய்க்குக் காய்ச்சல் இறங்கவில்லை, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, போன மாத ரிப்போர்ட்டோ சுத்தமாக இருக்கிறது, எரிச்சல் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். தம்பி அவசரமாக ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வந்தது, எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை என்றான்.

கடிகாரம் பேசாமல் இருந்திருக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கிறாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"அது என்னோடது டாக்டர். அவளுக்கு வரல. நேரமாச்சுன்னு நான் பிடிச்சுக் கொடுத்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "இதனாலதான் குழந்தை முன்னாடியே பிறந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், வேற காரணமும் இருக்கலாம். ஆனா கர்ப்பத்துல இந்தக் கிருமியைக் கவனிக்காம விட்டா பிரசவம் முந்திக்கலாம். சில பேருக்கு எரிச்சல்கூட இருக்காது, அதனாலதான் எல்லார்கிட்டயும் சிறுநீர் வாங்கிப் பார்க்கறோம். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கர்ப்பிணிக்குக் கொடுக்கற மாத்திரை இருக்கு. அநேகமா ஒரு வாரத்துல சரியாகியிருக்கும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னேனே அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி இருந்த பக்கம் போய்விட்டான்.

கடிகாரம் வார்டுக்குள் போனாள். தம்பி மனைவி விழித்திருந்தாள். நான் காய்ச்சலோடு வேலைக்கு வந்ததாலா, தினமும் அவ்வளவு தூரம் நடந்ததாலா, என்னால்தானா இப்படி என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடிகாரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல தப்பு இல்லம்மா. எரியுதுன்னு நீ வாயைத் திறந்து சொன்னே, நான் சூடுன்னு வாயை அடைச்சேன். மாசமா இருக்கறவ எரியுதுன்னு சொன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். எரியலைன்னாலும் பரிசோதனைக்கு அவளோடதைத்தான் கொடுக்கணும். தண்ணி குடிக்கவும் எழுந்து போகவும் அவ யார்கிட்டயும் கை தூக்கி அனுமதி கேக்கற மாதிரி வைக்கக் கூடாது. இது தெரிய எனக்கு இவ்வளவு வயசாச்சு."

தம்பி மனைவி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"பாப்பாவுக்கு இப்ப நாம என்ன செய்யணும் அண்ணி?"

"இப்ப நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா. செய்ய வேண்டியதுக்கு அன்னைக்கு அரை மணி நேரம் இருந்துச்சு. அதைத்தான் நான் மிச்சம் பிடிச்சேன்."