படகு இறங்கும் நாள்

மல்லிப்பட்டினத்தில் எனக்கு 'சிலோன்காரி' என்று பெயர். ரோஸ்லின் என்று கோயிலில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. சின்ன வயதில் ஊர்காவற்றுறையிலிருந்து குண்டுக்குப் பயந்து படகேறி வந்தேன். முகாமில் வளர்ந்து, இந்த ஊர் ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டு, இவர்கள் பிடித்து வரும் மீனையெல்லாம் கரையில் உட்கார்ந்து தரம் பிரித்துக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் சிலோன்காரிதான். சண்டை வந்தால் அதோடு இன்னொரு வார்த்தையும் சேர்ப்பார்கள், அதை நான் சொல்ல மாட்டேன். அம்மா சாவுக்கு அக்கரைக்குப் போயிருந்தபோது அங்கே என்னை 'இந்தியாக்காரி' என்றார்கள். நல்ல கூத்து.

எங்கள் கடலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விசைப்படகு திங்கள், புதன், சனியில்தான் இறங்கும். மற்ற நாளெல்லாம் நாட்டுப்படகுக்கு. ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க எப்போதோ பேசி வைத்தது. இந்தக் கிழமைக் கணக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளை விட அக்கரைப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த மூன்று நாளும் எங்கள் படகுகள் எல்லை தாண்டிப் போகும் என்பதால் அவர்கள் வலையைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். 'எங்கள் ஆட்கள் எல்லையே தாண்டவில்லை' என்று டிவியில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஏன் தாண்டுகிறார்கள் என்றால், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அடிமடி என்கிற இழுவலையைப் போட்டுக் கடல் தரையை வழித்து எடுத்தாயிற்று. மடியை அவிழ்த்தால் மீனை விடக் கடல்தாழை என்கிற புல்தான் அதிகம் கொட்டும், வேரும் சேறுமாக. மீன் முட்டையிடுவது அதில்தான், கடல்பசு மேய்வதும் அதைத்தான். கூடவே விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன். அதற்குக் 'கழிசல்' என்று பெயர் வைத்துக் கூடை கூடையாகக் கோழித் தீவனத்துக்கு ஏற்றிவிடுவோம். வாயில்லாத குஞ்சுகளை இப்படி அள்ளிக் கொடுக்கிறோமே என்று எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே அள்ளிப் போடுவேன், அதற்குத்தானே கூலி.

அக்கரையில் என் தம்பி எல்வின் தொழில் செய்கிறான். போர் முடிந்ததும் திரும்பிப் போனவன். சின்ன ஃபைபர் படகும் கொஞ்சம் வலையும்தான் அவன் சொத்து. இரண்டு தடவை எங்கள் பக்கத்துப் படகுகள் அந்த வலையை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டன. இரண்டாம் தடவை ஃபோனில் அவனுக்குப் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து படகு இறங்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுவிடுவேன். அவனோடு பேசும்போது என் நாக்கும் தானாக ஊர்காவற்றுறைக்குப் போய்விடும்.

"நாளைக்கு இறங்குவினம்டா."

"சரியக்கா. நான் வலை போடேல்லை."

அவ்வளவுதான் பேச்சு. கிழமை அவனுக்கும் தெரியும்தான். ஆனால் புயல், திருவிழா, ஸ்ட்ரைக் என்று நாள் மாறும் இல்லையா, அதற்காகத்தான். இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நடந்த காரியம் இல்லை. பரணிதரன் என்பவருடைய விசைப்படகில் அவர்தான் டிரைவர். நான் ஃபோனை எடுத்தாலே, "ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சாச்சுடோய்" என்று கேலி செய்வார். "நல்லா சொல்லு ரோஸி. உன் தம்பி வலை மாட்டுனா என் மடியில்ல கிழியுது" என்பார். மச்சான் மேல் அவருக்குப் பாசம் உண்டு. அதை இப்படித்தான் காட்டத் தெரியும்.

ஐப்பசி பிறந்த வாரம் காற்று பலமாக இருக்கிறது என்று புதன்கிழமை யாரையும் இறங்க விடவில்லை. மறுநாள் காற்று தணிந்துவிடும் என்று சொன்னதால், போன நாளுக்குப் பதிலாக வியாழக்கிழமை இறங்கிக்கொள்ளலாம் என்று படகு முதலாளிகள் சங்கத்தில் முடிவு செய்தார்கள். புதன் சாயங்காலம் வழக்கம் போலத் தம்பிக்குச் சொன்னேன். "வியாழனோ?" என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டான். வியாழன் காலை இவர் தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடும் வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை விடிந்து எல்லாப் படகும் வந்தது, இவர் படகு மட்டும் வரவில்லை. இவரையும் கூடப் போன மூன்று பேரையும் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று பரணிதரன் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை அங்கே யாரும் நம்மை எதிர்பார்க்க மாட்டார்களே, எப்படிக் காத்திருந்தார்கள்? ஏலக்கூடத்தில் எல்லார் வாயிலும் இதே கேள்வி. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் போய் நின்றதும் பேச்சை நிறுத்தினார்கள், அது போதாதா?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன்.

"நேவிக்குச் சொன்னனியோடா?"

"நேவிக்கு இல்லை அக்கா. எங்கட மீனவர் சங்கத்தில சொன்னனான்."

"உன்ர வலையைக் காப்பாத்தத்தானே நான் சொன்னது? ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொன்னனானோ?"

"என்ர வலையை மட்டும் கரையில ஏத்திப்போட்டு, பக்கத்து வீட்டுக்காரன்ர வலை அறுபடுறதைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ? அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. நான் அந்த ஆக்களுக்குச் சொன்னனான். அதில ஆரோ நேவிக்குச் சொல்லிப்போட்டினம். அத்தான்ர படகு மாட்டுமெண்டு எனக்குத் தெரியுமோ அக்கா?"

அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லித் திட்டுவது? அவன் சொன்னதில் எந்த வார்த்தையைத் தப்பு என்பேன்? ஃபோனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், என் மனுஷன் வீடு வந்து சேர வேண்டும். அதற்கு யார் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

அன்றே ஸ்ட்ரைக் அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை தஞ்சாவூரில் கலெக்டரிடம் மனு கொடுக்க வேன் ஏற்பாடு செய்தார்கள். பிடிபட்ட நாலு பேர் வீட்டுப் பெண்களும் வர வேண்டும். ஏறுவதற்கு முன்னால் பரணிதரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், படகு போன கவலையில் அவருக்கும் முகம் கறுத்திருந்தது.

"வெளியில மைக் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. நம்ம எல்லைக்குள்ளதான் தொழில் பண்ணாங்க, அங்கேருந்து வந்து தூக்கிட்டாங்க. இதை நாலு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். மத்த பசங்களைக் கோர்ட்டுல முதல் தவணையிலயே விட்ருவாங்க. டிரைவர் கேஸுதான் இழுக்கும். வக்கீலுக்குச் சங்கம்தான் பாக்கணும். அதனால வாயைப் பாத்துக்க ரோஸி."

"சரிங்க" என்றேன். அவர் சொன்னபடியே சொல்லிவிடத்தான் நினைத்தேன். பட்டுக்கோட்டை தாண்டி ஒரத்தநாடு வரும் வரைக்கும் மனசுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரெண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் முட்டத் தண்ணீர். குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மங்களாம்பிகை, என்னோடு மீன் பிரிக்கிறவள், அவள் புருஷனும் அதே படகில்தான் போனது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ரோஸி, புதன்கிழமை உன் தம்பிக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். எப்பவும் போடுறதுதானே, உனக்குத் தெரியாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக்குகள் நின்றன. மூன்று பெண்களும் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார்கள், மங்களா அழுதுகொண்டே சொன்னாள். என் முறை வந்தது. "உங்க வீட்டுக்காரர் எல்லை தாண்டினாராம்மா?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குத் தம்பியின் குரல்தான் காதில் இருந்தது. 'இல்லை' என்று சொன்னால், அறுந்த வலையெல்லாம் பொய், அவன் அழுததும் பொய் என்று ஆகிவிடும். என் வாயோ சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"தாண்டினாரு" என்றேன். "எல்லாரும்தான் தாண்டுறாங்க. இந்தப் பக்கம் அடியோட வழிச்சுட்டோம், அதான் அங்க போறோம். அங்க இருக்கிறது என் தம்பி மாதிரி ஏழை ஜனங்க. அவங்க வலையை அறுத்துட்டு வந்து நாம என்னத்தைத் திங்கப் போறோம்? ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிறது ஒரே கடல். தாழை போச்சுன்னா ரெண்டு பேருக்கும்தான் போச்சு. இந்த அடிமடியை விட்டுட்டுத் தூண்டிலுக்கு மாற அரசாங்கம் வழி பண்ணட்டும். என் வீட்டுக்காரரை விட்ருங்க. அவரு கூலிக்குப் படகு ஓட்டுறவரு."

பரணிதரன் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்து சீட் காலியாக வந்தது. மங்களா பின்னால் போய், மற்ற இரண்டு பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டாள். ஊர் வரும் வரை யாரும் என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் என் மகள் சான்ட்ரா அன்று சாயங்காலம் கூப்பிட்டு, "ஏம்மா டிவியில இப்படிப் பேசுனே? அப்பாவை நெனச்சுப் பாத்தியா?" என்று கத்தினாள். அவரைத் தவிர வேறு யாரை நினைத்தேனாம்?

முதல் தவணையிலேயே மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். அவர்கள் ஊர் வந்து இறங்கியபோது மாலையும் வெடியும் அமர்க்களப்பட்டது. நானும் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். மங்களாவின் புருஷன் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தான். "வக்கீல் விஷயம்?" என்று பரணிதரனிடம் கேட்டேன். "சங்கத்துல யாரும் ஒத்துக்கல ரோஸி. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?" என்றார். என் மனுஷனுக்கு மட்டும் தவணை மேல் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இருப்பு யாழ்ப்பாணம் சிறையில்.

இப்போது என்னை மீன் பிரிக்கக் கூப்பிடுவதில்லை. சேதுபாவாசத்திரத்தில் ஒரு கருவாட்டுக் கொட்டகைக்குப் போய் வருகிறேன். ஊர்க்குழாயில் நான் குடம் வைத்தால் மற்றவர்கள் தள்ளி வைக்கிறார்கள். ஞாயிறு பூசையிலும் நான் உட்காரும் பெஞ்சில் நான் ஒருத்திதான். முன்பெல்லாம் சண்டையாவது போடுவார்கள். சிலோன்காரி என்று ஏசவாவது ஏசுங்களேன் என்று இருக்கிறது. வீட்டில் ரெண்டு பேருக்கு உலை வைத்துப் பழகிய கை, குறைத்து வைத்தாலும் சோறு மிஞ்சுகிறது.

ஸ்ட்ரைக் முடிந்து படகு மறுபடி இறங்கிய முதல் நாள், தம்பி தானாகக் கூப்பிட்டான்.

"இண்டைக்கு உங்கட நாள்தானே அக்கா, எனக்குத் தொழில் இல்லை. அதான் பஸ் எடுத்து அத்தானைப் பாக்கப் போனனான். வழக்கு முடியுமட்டும் வீட்டுச் சாப்பாடு விடுவினம். சோறும் கணவாய்க் கறியும் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"நான் சொன்னதாலதான் மாட்டினதெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். எல்லாத்தையும் நானே சொல்லிப்போட்டன்."

"என்னடா சொன்னவர்?"

"குனிஞ்சு முழுக்கச் சாப்பிட்டவர். கறிக்கு உப்புக் காணாது எண்டவர்."

உப்பு அவருக்கு எப்போதும் ஒரு கல் கூடுதலாக வேண்டும். அடுத்த தடவை கூடப் போடச் சொன்னேன்.

அதன் பிறகு அப்படியே வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர்ப் படகு இறங்குகிற நாளில் தம்பி கடலுக்குப் போவதில்லை, சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறான். மற்ற நாளில் அவனுக்கு வலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவன் எப்படிப் போவான்? திங்கள், புதன், சனி இவருக்கு வீட்டுச் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் ஜெயில் சோறு.

போன வாரம் ஒரு பேச்சு அடிபட்டது. இரண்டு கரை மீனவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசப் போகிறார்களாம். அடிமடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவதாம், விசைப்படகை அரசாங்கத்திடம் கொடுத்தால் ஆழ்கடல் தூண்டில் படகுக்கு உதவுவார்களாம். பரணிதரனே யோசிக்கிறார் என்று கருவாட்டுக் கொட்டகையில் சொன்னார்கள். நான் மைக்கில் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்ட ஆள்தான். நல்லது, யார் சொல்லியாவது நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, "நாளைக்கு இறங்குவினம்டா" என்றேன். "அப்ப நாளைக்கு அத்தானுக்கு மீன் குழம்பு" என்றான். பிறகு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலில் நின்றேன். தாயே, இந்த அடிமடி ஒழியணும், தாழை திரும்ப முளைக்கணும், எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போகவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எழுந்திருக்கப் போனவள் மறுபடி முழங்கால் போட்டேன். ஆனா அவர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் படகை நிறுத்திடாதே தாயே, அங்க அவருக்குச் சோறு கொண்டுபோகத் தம்பிக்கு வேற நாள் இல்ல என்றேன்.