சாரல் நாளில் நின்றுபோன திரை

லேப்டாப் நின்றுபோகத் தொடங்கி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வைஃபையைப் போட்டால் நாலைந்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு அம்புக்குறி நடுத்திரையில் அப்படியே நிற்கும். மூலையில் கடிகாரமும் நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. ஜன்னலுக்கு வெளியே மட்டும், குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய மேகம் தென்காசித் தெருவுக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

சங்கரேஸ்வரிக்கு நாளைக் காலை நேர்காணல். இயற்பியல் முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்த பிறகு வந்த ஒரே அழைப்பு. மொபைலில் வரக் கூடாது, கணினியில்தான் வர வேண்டும், திரையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். லடாக்கில் மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கியை இயக்கும் வேலை. அங்கே மழையே பெய்யாதாம். அதை நினைக்கும்போதெல்லாம் காதுக்குள் ஒரு அமைதி வரும்.

அம்மாவிடம் அவள் சொன்னது, "லேப்டாப்ல பாக்க வேலம்மா" என்று மட்டும். வடிவம்மாள் அதை வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்று எடுத்துக்கொண்டாள். மகன் இசக்கிராஜா ராணுவத்தில் சேர்ந்து அஸ்ஸாமில் இருக்கிறான். "ஒருத்தன அனுப்பிட்டு போனையே பாத்துட்டுக் கெடக்கேன். இவளாவது இங்கனயே இருப்பா" என்று கீழப்பாவூர்ச் சித்தி வரைக்கும் சொல்லியாயிற்று. சங்கரேஸ்வரி திருத்தவில்லை. திருத்த வாயெடுத்தபோதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் நின்றதும் வடிவம்மாள் ஈரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். சாரல் மாதத்தில் அந்தத் தெருவில் எது கெட்டாலும் பழி ஈரத்துக்குத்தான். தீப்பெட்டி பற்றாது, அப்பளம் நமுத்துப்போகும், கதவு உப்பிக்கொண்டு மூடாது. மகள் அசந்த நேரத்தில் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிட்டாள். வீடெல்லாம் தேடி அதை வெளியே எடுப்பதற்குள் அரை நாள் போயிற்று. விசைகளின் இடுக்கில் நொய் இருந்தது.

"மொபைலு தண்ணில விழுந்தா அரிசிலதானட்டி போடுதாவ?"

"இது தண்ணில விழலம்மா."

"இந்தச் சாரலு பின்ன என்னவாம்?"

கடைசியில் சங்கரேஸ்வரி ஜைனப்பைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். கல்லூரித் தோழி, இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. இந்தப் பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

"அரிசில வச்சீங்களே, ரெண்டு விசில் விட்டிருக்கலாம்லா" என்று சிரித்தாள் ஜைனப். "ஏட்டி, அப்டேட் ஏதும் போட்டியா?"

"முந்தாநாள் ராத்திரி."

"நெனச்சேன். வைஃபைய அணச்சுட்டு, நிக்கதுக்கு முன்னால கடைசியா என்ன பதிவாயிருக்குன்னு பாரு."

ஒவ்வொரு தடவையும் கடைசி வரி ஒன்றேதான். மின்சாரம் மிச்சம் பிடிக்க, வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதைத் தூங்க வைத்திருக்கிறது. அதற்கு அப்புறம் வரியே இல்லை.

"தூங்கப் போவுது, முழிக்கத் தெரியல" என்றாள் ஜைனப். "டிரைவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குது. பதில் வரலன்னதும் மொத்த மெஷினும் அங்கனயே நின்னுடுது. தூங்க விடாதன்னு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான்."

அவள் சொல்லச் சொல்லச் சங்கரேஸ்வரி எழுதினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள்.

"ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாரு. பொறவு வீடியோல கூப்பிடு. ஏட்டி, வீட்டுல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எங்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், பாத்துக்க."

சோதித்துப் பார்க்க ஒரு வானக் காட்சியை இணையத்தில் ஓடவிட்டாள். கறுத்த மலைகளுக்கு மேல் நட்சத்திரங்கள் மெல்லச் சுழன்றன. வெளியே சாரல் விழவில்லை, மிதந்தது. ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. இந்த மாதங்களில் இங்கே ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. பகலா மாலையா என்று தெரியாத வெளிச்சத்தில் அறை தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி நிற்பதுபோல இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவளும் மிதந்து வந்ததாகத்தான் தோன்றியது.

"இது எந்த ஊருட்டி?"

"மலைமேல ஒரு ஊரும்மா."

"ஒரு மரத்தக் காணும். குளிருமோ?"

"குளிரும்."

அம்மா கொஞ்ச நேரம் நட்சத்திரங்களைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். "வேல கெடச்சதும் ஒனக்கு இங்கன மேசை போடுவோம். அப்பாட்ட சொல்லி இன்வெர்ட்டர் வாங்கணும். நீ பாட்டுக்குப் பாரு, நான் காப்பி கொண்டாந்து தாரேன்."

சங்கரேஸ்வரி நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நிற்கவில்லை. நின்றால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் பயந்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஜைனப்பின் முகம் தெளிவாக வந்தது. வடிவம்மாள் தலையை நீட்டினாள்.

"ஜைனப்பு, நல்லாருக்கியாட்டி? மெலிஞ்சு போயிட்ட. மெட்ராஸ் சாப்பாடு அப்படித்தான்."

"நல்லாருக்கேம்மா."

"நீ வெவரம் தெரிஞ்சவ, நீ சொல்லு. இந்த வேல கெடச்சா இவ இங்கன வீட்டுல இருந்தேல்லா பாப்பா?"

ஜைனப்பின் சிரிப்பு பாதியில் நின்றது. உதடு அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

"போச்சு" என்றாள் வடிவம்மாள். "மறுபடி நின்னுட்டுட்டி."

மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜைனப்புக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்துத் திரையை, தோழியின் முகத்தை, மெதுவாகத் துடைத்தாள். ஆமாம், நின்றுவிட்டது என்று மகள் தலையாட்டினால் போதும்.

"நிக்கலம்மா" என்றாள் சங்கரேஸ்வரி. "அவ பேசாம இருக்கா. என்னாலதான். அந்த வேல வீட்டுல இருந்து பாக்கது இல்ல. லடாக்குல. மூணு வருஷம் அங்கனதான் இருக்கணும்."