முதுகுக்கு டீ கிடையாது

செங்கமலத்துக்கு டீக்கடை லைசென்ஸ் கிடைத்தபோது அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள் அண்ணி கங்காதான். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனவள் செங்கமலம். சேரப்பணஞ்சேரியில் அண்ணன் வீட்டில் அரிசி புடைத்தும் பிள்ளைகளுக்குத் தலை வாரியுமே முப்பதைத் தொட்டுவிட்டாள். பார்வையில்லாதவர்களுக்குக் கடை நடத்தப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடம்பிடித்துப் பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்ந்தாள். நோட்டை விரலில் மடித்து அறிவது, பால் பொங்க வருவதைச் சத்தத்தில் பிடிப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரான் மனசுக்கு மட்டும் அங்கே பாடம் கிடையாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. ஒரகடம் ரோட்டில் லாரிக்குத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் கேட்டுக்கு வெளியே ஒரு பங்க் கடை. லைசென்ஸ் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் கடை சூடு பிடித்தால் நீட்டித்துத் தருவார்கள். பிடிக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு, செங்கமலம் பழையபடி முறத்துக்கு.

அண்ணன் எல்லப்பனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பில் காலை ஷிப்ட். ஆனாலும் விடியுமுன் அவளைக் கைபிடித்து நடத்திக் கூட்டிவருகிறவள் கங்காதான். "அவரு தூங்கட்டும், நாம கெளம்பலாம்" என்பாள். எல்லப்பன் பின்னால் சைக்கிளில் தனியாக வருவான். கடை வைப்பதற்கு முன்பும் அப்படித்தான். "நீ எழுந்துக்காத, இன்னும் நேரம் கீது, படுத்துக்க" என்று, அவன் வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை இவளைப் படுக்கையை விட்டு எழவே விடமாட்டாள். இப்படி ஒரு அண்ணி யாருக்கு வாய்ப்பாள் என்று செங்கமலம் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

கடை திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பிரஸ் ஷாப் நாகப்பன் காலையில் முதல் ஆளாக வந்து டீ குடித்துப் போணி பண்ணினான். அன்று மத்தியானம் மிஷினில் அவன் விரல் நசுங்கியது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் பழம் விழுந்தது செங்கமலத்தின் தலையில். மறுநாள் காலை ஷிப்ட் கூட்டம் மொத்தமும் எதிர்ப்பக்கக் கடைக்குப் போயிற்று.

"அங்க வாணாண்டா. காலங்காத்தால அந்தக்கா மூஞ்சில முழிச்சிட்டுப் போய்த்தான் நாகப்பன் மிஷின்ல கைய வுட்டான்" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைக்கிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. மிஷினுக்குக் கைத்தடுப்பு போடாமல் விட்டது மட்டும், கண் நன்றாக இருந்த அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அண்ணி, அண்ணன் கெளம்பறப்ப என்னை எதுக்கு எழுந்துக்க வுடமாட்ட?"

கங்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"அவரு மிஷின் வேலை பாக்குறவரு. நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"அண்ணனும் அப்டித்தான் நெனைக்குதா?"

மறுபடி அரிசி களையும் சத்தம் கேட்டது. பாசம் என்று நம்பி இத்தனை வருஷம் படுத்துக் கிடந்திருக்கிறோமே என்று செங்கமலத்துக்கு நெஞ்சு எரிந்தது. கண் போனதற்கு அழாதவள் அன்று வாய்விட்டு அழுதாள்.

கடையைக் காப்பாற்றியது நைட் ஷிப்ட். பிரஸ் ஷாப்புக்கு ராத்திரி வேலை கிடையாது, பெயிண்ட் ஷாப்புக்கு உண்டு. அங்கே வேலை பார்த்த அண்ணாதுரை ஒருநாள் காலை வெளியே வந்து, "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுக்கா" என்றான். கூட வந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அட போடா. தூங்குனாத்தான முழிக்கறதுக்கு? ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு கீறேன். எனக்கு எந்த மூஞ்சி இன்னா பண்ணும்?"

கூட்டம் சிரித்தது. அந்த நியாயம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நைட் ஷிப்ட் முழுக்க அவள் கடையில்தான் நின்றது. இஞ்சி தட்டிப் போட்ட அவள் டீ பேர் வாங்க ஆரம்பித்தது.

பேர் பரவினதும் காலை ஷிப்டுக்கு நாக்கு ஊறியது. அவர்களும் வந்தார்கள். ஆனால் அவர்கள் குரல் நேராக வராமல் ரோட்டுப் பக்கமாகப் போவதைச் செங்கமலம் கவனித்தாள். அண்ணாதுரையிடம் கேட்டாள். அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"திரும்பி நின்னுக்கினு கைய மட்டும் பின்னால நீட்றானுங்கக்கா. உன் மூஞ்சியப் பாக்கக் கூடாதாம்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. செங்கமலம் விழுங்கிக்கொண்டாள். லைசென்ஸ் முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதுகு கொடுத்தாலும் வியாபாரம் வியாபாரம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, முதுகுகளுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நைட் ஷிப்ட் விடுவதற்கு முன்பே காலை ஷிப்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் கிளாஸை நீட்டினாள். வாங்க வந்த கைக்காரன் வாய் திறக்கவில்லை. விரல் மேல் விரல் பட்டது. ஏரிக்கரை, சந்தை, கோயில் என்று சின்ன வயதில் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்த கை அது. அவள் கிளாஸை விடவில்லை.

"கிளாஸை வுடுக்கா, டைம் ஆவுது" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"முதுகுக்கு டீ கெடையாது" என்றாள் செங்கமலம். "இனிமே யாருக்கும் கெடையாது. மூஞ்சியக் காட்டுறவங்களுக்குத்தான்."

சிலர் விலகி எதிர்ப்பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. லைசென்ஸும் அவர்கள் கூடவே போகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பிடித்த கை மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஜல்லியில் கால் திரும்பும் சத்தம். மூச்சு நேரெதிரே வந்தது.

"குடு, செங்கமலம்."

"இன்னும் போணி ஆவலண்ணா. நீதான் மொதல்."

"தெரியும். குடு."

எல்லப்பன் அங்கேயே நின்று, உறிஞ்சுகிற சத்தம் நாலு பேருக்குக் கேட்கக் குடித்தான். கிளாஸை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அதற்கப்புறம்தான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிரஸ் அடிக்கிற சத்தம் கடைவரைக்கும் வரும். அது அடித்தால் பயம், நின்றால் அதைவிடப் பயம். மூஞ்சியாவது முழிப்பாவது என்று இருந்தவள், ஊரில் இருக்கிற சாமி அத்தனையையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. சோறு கொண்டுவந்த கங்கா விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷிப்ட் விடும் சங்கு ஊதியது. எல்லப்பன் நேரே கடைக்கு வந்தான். இரண்டு கைகளையும் அவள் கைகளில் வைத்தான். அவள் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் கீதா?"

"கீதுண்ணா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கி என்னையும் சைக்கிள்ல ஏத்திக்கினு வா" என்றாள்.

"அவ்ளோ காலைல எனக்கு முழிப்பு வராது" என்றான் எல்லப்பன். "நீதான் எழுப்பணும்."