ஓட்டுறவங்க முடிவு

காருக்குப் பின்னால் வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் கேரவன் பூங்காவில் மாலை ஐந்து மணிக்கு மேல் பார்க்கத் தகுந்த காட்சி ஒன்றுதான். புதிதாக வந்தவர்கள் வண்டியைப் பின்பக்கமாகத் தங்கள் இடத்துக்குள் நுழைப்பது. புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்டுவாள். பத்து நிமிஷத்தில் இருவருக்கும் பேச்சு நின்றுபோகும். நாங்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு பீரைத் திறந்துகொள்வோம். வேலையில் இருந்த முப்பது வருஷமும் தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதியவள் நான். அதனால் இந்தக் காட்சியில் எனக்கு ருசி கொஞ்சம் அதிகம்.

டேனையும் கிர்ஸ்டியையும் தெற்கு ஆஸ்திரேலியாவில் செடூனா என்ற ஊரில் அப்படித்தான் முதலில் பார்த்தேன். இருபத்திரண்டு அடி கேரவன். பின் சீட்டில் ஏழு வயது இண்டி, நாலு வயது ஜெட். நியூகாசிலில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்பியவர்கள். ஐந்து மாதம் முடிந்திருந்தது, இன்னும் ஏழு மாதம் பாக்கி. கிர்ஸ்டி வாக்கி டாக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"இடது, இடது. டேன், உன் இடது இல்ல, வண்டியோட இடது!"

"வண்டிக்கு ஏதும்மா தனி இடது?" என்றது வாக்கி டாக்கி.

மூன்றாவது முயற்சியில் தண்ணீர்க் குழாயை உரசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என் கணவர் கார்த் கை தட்டினார். டேன் இறங்கி எங்களுக்குக் குனிந்து வணக்கம் போட்டான். எதற்கும் முகம் சுளிக்காத ஆள். எனக்கு அப்படிப்பட்டவர்களை அவ்வளவாகப் பிடிக்காது. கூட வாழ்கிறவர்கள் பாடுதான் கஷ்டம்.

அவர்கள் வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. எங்கே நிறுத்துவது, என்ன பாட்டு, எந்தப் பாதை என்று குழந்தைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க டேன் போட்டது. 'ஓட்டுறவங்க முடிவு' என்று இண்டி வண்ணப் பென்சிலால் எழுதி முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தாள்.

"நல்ல சட்டந்தான், ஆனா எப்பவும் ஓட்டுறது நீதானே" என்றாள் கிர்ஸ்டி.

"இழுக்கிறது மூணு டன், செல்லம். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்று சிரித்தான் டேன்.

கார்த்தும் சிரித்தார். பத்தொன்பது வருஷமாக நாங்கள் சுற்றுகிறோம், நானும் ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

நல்லார்பார் என்ற மரமில்லாத வெட்டவெளியைக் கடக்கிறவர்களுக்கு இருப்பது ஒரே ரோடு. ஒரு தடவை பார்த்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியதுதான். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டுவதற்கு முந்தின சாயங்காலம் அவர்களுக்கும் எங்களுக்கும் மறுபடி பக்கத்துப் பக்கத்து இடம். எல்லைச் சோதனையில் பச்சைக் காய்கறி, பழம், தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அன்றைக்குப் பூங்கா முழுக்கக் கேரட்டும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. ஜெட் தேன் ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்து நக்கிக்கொண்டிருந்தான். கிர்ஸ்டி கிழங்கை மசித்தபடி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு எப்பவாச்சும் போதும்னு தோணியிருக்கா, நோலீன்?"

"தினமும் நாலு மணிக்குத் தோணும். அஞ்சு மணிக்கு பீர் திறந்தா சரியாப் போயிடும்" என்றேன்.

அவள் சிரித்து வைத்தாள். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னதாக அன்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது.

விஷயம் நடந்தது மறுநாள் பகலில், செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில். அந்த ரோட்டில் போகிற லாரி, கேரவன் எல்லாமே ரேடியோவில் நாற்பதாம் சேனலைத்தான் வைத்திருக்கும். முந்துவதற்கு வழி கேட்க, ரோட்டில் ஒட்டகம் நின்றால் எச்சரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கடைக் கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ரேடியோப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ரேடியோவில் ஒருவர் மைக் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், குறுக்கே பேச முடியாது.

டேன் டீசலுக்குப் பணம் கட்டவும் கறி வைத்துச் சுட்ட 'பை' வாங்கவும் வரிசையில் நின்றான். இடுப்பில் வாக்கி டாக்கி. அவனுக்குப் பின்னால் கார்த், அவருக்குப் பின்னால் நான், முன்னால் இரண்டு லாரி டிரைவர்கள். அப்போது கவுண்டர் பெட்டியிலிருந்தும் டேன் இடுப்பிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"சண்டையெல்லாம் இல்லடி ஷெல். சண்டை போட்டாக்கூடத் தேவல. அவன் சந்தோஷமா இருக்கான், அதான் பிரச்சினையே."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிர்ஸ்டி வண்டிக் கதவைத் திறந்து வைத்துச் சாய்ந்தபடி போனில் யாரோ தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். டிரைவர் சீட்டில் ஜெட். லாரி ஓட்டுகிறானாம். வண்டி ரேடியோவின் மைக்கைப் பொத்தானோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அஞ்சு மாசமா நான் ஒரு சாமான்டி. கேஸ் சிலிண்டர் மாதிரி. கட்டி வச்சா கூட வருவேன். இண்டி தூக்கத்துல அவ டீச்சர் பேரச் சொல்றா. நார்ஸ்மன்ல ரோடு பிரியுது. இடது பக்கம் போனா எஸ்பெரன்ஸ், பீச்சு, இன்னும் ஏழு மாசம். வலது பக்கம் போனா பெர்த், ஏர்போர்ட். அங்க வச்சு சொல்லிடப் போறேன். பசங்களக் கூட்டிக்கிட்டு நான் பிளேன் ஏறிடுறேன். அவன் கனவ அவனே இழுத்துக்கிட்டுச் சுத்தட்டும்."

ஒரு லாரி டிரைவர் கையை நீட்டிக் கவுண்டர் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். இன்னொருவர் பை அடுக்கிய கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கார்த் தன் செருப்பைப் பார்த்தார். டேன் மட்டும் இடுப்பில் இருந்ததை அணைக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. "ப்ரூம் ப்ரூம்" என்று ஜெட்டின் குரல் வந்து, மைக் அடங்கும் வரை முழுக்கக் கேட்டான்.

"அடுத்து யாரு?" என்றாள் கவுண்டர் பெண்.

"நாலு பை. ஒண்ணு மட்டும் சாஸ் இல்லாம. என் பெண்டாட்டிக்குச் சாஸ் ஆகாது" என்றான் டேன்.

கேரவன்காரர்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. எங்கள் சுவர்கள் துணியும் தகடும்தான். பக்கத்து வண்டியில் குறட்டை, அழுகை, சண்டை எது கேட்டாலும் காலையில் "நல்லாத் தூங்கினீங்களா?" என்பதோடு சரி. கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது அநாகரிகம். அதனால் யாரும் டேனிடம் எதுவும் பேசவில்லை. சம்பந்தப்பட்டவள் தவிர ரோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். எனக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டேன் வெளியே போய் பைகளைக் கொடுத்தான். பிறகு சாவியை நீட்டினான்.

"தோள்பட்டை வலிக்குது. கொஞ்ச தூரம் ஓட்டறியா?"

"நானா? கேரவனோடயா?"

"இனிமே வர்றது நேர் ரோடுதான். நூத்தி நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்ல. இதுல கத்துக்காம வேற எங்க கத்துக்கப் போற?"

அவர்களுக்குப் பின்னாலேயே நாங்கள் போனோம். முதலில் அறுபதில் தடுமாறினாள். பிறகு எண்பது, தொண்ணூறு. எதிரே வருகிற கேரவனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். பாதி தூரத்துக்கு மேல் எதிரே வந்தவர்கள் அவளுக்கு விரல் தூக்கிவிட்டுப் போவதைப் பார்த்தேன். அவளும் பதிலுக்குத் தூக்கியிருப்பாள்.

"அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எங்க போகப் போறாங்கறது தெரிஞ்சும் சாவியக் குடுக்கறான்" என்றார் கார்த்.

"உனக்கு அது புரியாது" என்றேன்.

"உனக்குப் புரியுதாக்கும்?"

எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

சாயங்காலம் தங்குமிடத்தில் பின்பக்கம் நுழைக்கிற வேலையும் அவளுக்கே வந்தது. டேன் வாக்கி டாக்கியோடு பின்னால் நின்றான். ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள். ஒருவர் எழுந்து தன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டார். பக்கத்திலிருந்தவரும் திருப்பினார். இரண்டே நிமிஷத்தில் அத்தனை பேரும் அவளுக்கு முதுகைக் காட்டி, ஒன்றுமே இல்லாத புதர்க்காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முப்பது வருஷத் தொழில்காரிக்கு அது எப்பேர்ப்பட்ட சோதனை என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆறு தடவை முன்னும் பின்னும் போன சத்தம் கேட்டது. ஏழாவது தடவை இன்ஜின் அடங்கியது. "அம்மா போட்டுட்டா!" என்று இண்டி கத்தினாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கோணலாகத்தான் நின்றது. நான் சீட்டு எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையிலும் அவளே ஓட்டினாள். நார்ஸ்மனில் ரோடு முட்டி இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர்கள் வண்டி நின்றது. பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி. இண்டிகேட்டர் எதுவும் எரியவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு வலது பக்க விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. வண்டி நகரவில்லை. ரேடியோ கரகரத்தது. டேனின் குரல்.

"நாற்பதுல இருக்கிற எல்லாருக்கும். நேத்து எங்க பையன் மைக்க அமுக்கிட்டான். சேனல அடைச்சதுக்கு மன்னிக்கணும். கிர்ஸ்டி, நான் முழுசும் கேட்டேன். நீ ஓட்டற, உன் முடிவு. பெர்த்ல இந்த வண்டிய வித்துடலாம். பிளேன்ல மூணு சீட் போடாத, நாலா போடு."

பொத்தானை அவன் உடனே விடவில்லை. விசும்பல் ஒன்று கேட்டது. அது அவளுடையதா அவனுடையதா என்று எனக்குத் தெரியாது. "ஏன் அழறீங்க?" என்று ஜெட் கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. அப்புறம் மைக் அடங்கியது.

"பாத்துப் போங்கப்பா" என்றது பின்னாலிருந்த லாரி.

கிர்ஸ்டி கண்ணாடியைத் தாழ்த்திக் கையை வெளியே நீட்டி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். கேரவன் அகலமாக வளைத்து, எதிலும் உரசாமல் வலது பக்கம் போயிற்று. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆஸ்திரேலியா வரைபடத்தில் பாதி வரைக்கும்தான் சிவப்புக் கோடு வந்திருந்தது.

எங்களுடையது எப்போதும் இடது பக்கம்தான். கார்த்தின் விரல் வழக்கப்படி இண்டிகேட்டருக்குப் போனது. பாதியில் நின்றது.

"நோலீன், நமக்கு எந்தப் பக்கம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதும் இல்லை, நான் யோசித்ததும் இல்லை.