ஏறும் கோடு

பள்ளி ஆய்வக உதவியாளர் வெப்பமானியைப் பார்க்காமலே நோட்டில் குத்துமதிப்பாக எழுதுகிறார் என்று அறிவியல் டீச்சருக்குச் சந்தேகம். அவர் எழுதிய முப்பது வருட நோட்டுகளிலிருந்து மாணவர்கள் வருடாந்தரச் சராசரி எடுத்து வரைந்த கோடு ஏறிக்கொண்டே போயிற்று. இன்றைய வெயில் வானிலை, முப்பது வருடச் சராசரிதான் காலநிலை என்று பாடம் நடத்தியவளுக்கே நம்பிக்கை வரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க, முற்றத்தில் வெப்பமானி இருக்கும் பெட்டிக்குள் இன்னொன்றை ஒளித்து வைத்தாள். ஒரு மாதமாகியும் அவர் எழுதியதில் புள்ளி பிசகவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே, ஒரு நாளாவது உட்கார்ந்த இடத்துலயே எழுதலையா?"

அவருக்குச் சுருக்கென்றது.

"நான் சோம்பேறியா இருந்தா போன வருஷ நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பேனே, டீச்சர். உங்க கோடு படுத்தே கிடந்திருக்கும்."